அம்பு ஒட்டிய பீஸ்

பன்னிரண்டு டிசைன், டிசைனுக்கு ஐநூறு.
ஹாம்பர்க்கில் ஏதோ இசைத்தட்டுக் கடைக்காம்,
மெர்ச்சண்டைசர் தம்பி சொன்னது.
மார்பில் ஆல்பத்தின் அட்டைப்படம்,
முதுகில் பாட்டுப் பட்டியல், நிமிடக் கணக்கோடு.
பன்னிரண்டிலும் பெண்கள்.

அவர்கள் எழுத்து எங்களுக்கு ஓடவில்லை.
நாங்களே பெயர் வைத்தோம்.
தலைமுடிக்குப் பச்சைச் சாயம் போட்டவள் நொய்யல்.
பியானோ மூடியில் கன்னம் வைத்துத் தூங்குகிறவள்
மத்தியான ஷிப்ட்.
வீணையை மடியில் கிடத்திக் கண்மூடிய அம்மாளுக்கு
ஒன்றும் வைக்கத் தோன்றவில்லை,
ஒன்பதாம் நம்பர் பஸ்சில் இடம் கேட்பவர் போல இருந்தார்.
சாக்ஸபோனைத் தோளில் சாய்த்து
தூங்க மறுக்கிற பிள்ளையைத் தட்டுவதுபோல் நின்றவளை
பசந்தி "அபா" என்றாள்.
ஒடியாவில் அக்கா. அதுவே நிலைத்தது.

என் வேலை குற்றம் பார்ப்பது.
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்ட இடம்,
நிறத்தோடு நிறம் சேராமல் அரை மில்லி விலகி
வாய் ஓரிடம் உதடு ஓரிடமான முகம்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து
குற்றத்தைப் பார்த்து ஒட்டவேண்டும்.
"ஏனுங் பொங்கியக்கா,
பொண்ணு பாக்க வந்த மாதர
மூஞ்சிய அத்தன நேரம் பாக்கறீங்க?"
சூப்பர்வைசருக்கு நேரம்தான் குற்றம்.
பதினோரு வருஷம்.
வீட்டில் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்க்கிறேன்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்த ஒரு ராத்திரி
வேன் பெருமாநல்லூர் தாண்டும்போது
அபாவின் முதுகெழுத்தை ஒவ்வொன்றாய்ப் போனில் அடித்தேன்.
பசந்திக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது.

முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் நாற்காலி கிரீச்சிட்டது.
அப்புறம் மூச்சு.
ஊதுமுன் இழுக்கிற மூச்சு,
பக்கத்து சீட்டில் இழுப்பது போல.
என் விரல் தன்னால் ஸ்டிக்கரைத் தேடியது.

இதை யார் பாஸ் பண்ணினது?
ஒரு சுரம் மேலே எட்டப்போய்
தொடாமல் இறங்குகிறது,
மறுபடி போகிறது,
தொடாத இடத்திலேயே கொஞ்சநேரம் குந்தியிருக்கிறது.
டிரம் அடிப்பவர் "ம்" என்கிறார். வெட்டவில்லை.
கடைசியில் ஒருத்தி சிரிக்கிறாள்,
அபாதான்,
சிரிப்புக்கு முன்னால் அதே மூச்சு.

இத்தனைக்கும் நான் அம்பு ஒட்டியிருந்தால்
வெறும் துணிதான் மிஞ்சியிருக்கும்.

பன்னிரண்டையும் கேட்டோம், வேனில்தான்.
நொய்யல் இஸ்திரி போட்டதுபோல் பாடுகிறாள்,
தேடினாலும் ஒரு சுருக்கம் கிடையாது.
பசந்திக்கு அவளைத்தான் பிடித்தது.
கட்டிங் டேபிள்வரை முனகிக்கொண்டே போவாள்
தப்புத்தப்பாக.
வீணைக்காரம்மா தந்திமேல் விரலை இழுக்கிற சத்தம் கேட்கிறது,
பின்னால் ஒரு காக்கை.
ஜன்னலைச் சாத்தவில்லை போல.

மூன்றாம் வாரம் ஆர்டர் நின்றது.
ஹாம்பர்க்கில் கடையையே மூடிவிட்டார்களாம்.
அத்தனையும் காதர்பேட்டைக்கு, கிலோ கணக்கில்.

இப்போது ஊத்துக்குளி ரயில்வே கேட்டில்
டீக்கடைப் பையன்மேல் நொய்யல் நிற்கிறாள்.
வீணை அம்மாள்மீது சிமெண்டுப் பால் தெறித்திருக்கிறது,
கொத்தனாருக்கு முழுநாள் வேலை.
கரும்பு லாரி க்ளீனர் மல்லாந்து உறங்க
அவர் வயிற்றில் ஏறி இறங்கி
மத்தியான ஷிப்ட் இன்னும் எழவில்லை.

அபாவில் ஒன்றை நான் எடுத்துவந்தேன்,
ரிஜெக்‌ஷன் கூடையிலிருந்து, முப்பது ரூபாய்.
வாய் விலகிய பீஸ்.
ஒட்டியது நான்தான், அம்பில் என் நகக்கீறல்.

முதல் துவைப்பில் அம்பு போனது.
பசை போகவில்லை.
தேய்த்துப் பார்த்தேன், சீமெண்ணெய் வைத்தும் பார்த்தேன்.
அந்த இடத்தில் பஞ்சுத்தூசி பிடித்து
உதட்டுக்கு இந்தப் பக்கம்
கறுப்பாய் ஒரு மச்சம்.